முதல் குடம் பிடித்தவள்

குளிர்பானக் கம்பெனியின் தண்ணீர்ப் பிரிவில் எனக்கு வேலை, மும்பை செம்பூர் ஆபீசில். ஒரு பாட்டில் பானம் செய்ய அந்தப் பாட்டில் கொள்ளாத தண்ணீர் செலவாகும். எடுத்த தண்ணீரை எங்காவது மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம் என்று காட்டுவதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. அந்த வருடம் பிரிவுக்கு ஒரே ஒரு மேனேஜர் பதவி வந்தது. போட்டிக்கு நானும், மாட்டுங்காக்காரி ஒருத்தியும்.

அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன். பாழாய்ப்போனவள், நல்லவள். பரம்பரையாக ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீட்டிங்கில் நான் மனசுக்குள் வாக்கியத்தை அடுக்கி முடிப்பதற்குள் அவள் பேசி முடித்து உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் தாராவியில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வைக்கக் கம்பெனி முடிவு செய்தது. இடம், நான் பிறந்த சந்தின் முனை. இனிப் பதவி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இடம் பார்க்க வந்த அவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். எங்கள் அம்மா எனக்கு ஒருநாளும் எடுக்காத பூப்போட்ட கப்பில் அவளுக்கு டீ கொடுத்தாள்.

“சிரமப்படாதீங்கோ ஆன்ட்டி.”

“இதுல என்னம்மா சிரமம், இன்னொரு முறுக்கு எடுத்துக்கோ,” என்ற அம்மா, அவள் போனதும் என் பக்கம் திரும்பினாள். “எவ்வளவு தன்மையா பேசுதா, பாத்தியாட்டி? நீ வாயத் தொறந்தாலே சண்டதான்.”

பெற்றவளும் அந்தக் கட்சி.

திறப்பு விழாவுக்கு ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் கம்பெனியின் நீல டீ-ஷர்ட் போட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் சந்தின் வழக்கமோ வேறு. புதுக் குழாய் வந்தால் முதல் குடத்தைச் சந்தில் பிறந்த பெண்தான் பிடிக்க வேண்டும். பட்டுக் கட்டி, பூ வைத்து வர வேண்டும். பக்கத்து வீட்டு பாய் குடும்பமும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாட்டுங்காக்காரி என்ன படித்தால் என்ன, அந்தக் குடத்தைத் தொட முடியாதே! டீ-ஷர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அரக்குப் பட்டைக் கட்டினேன்.

அவள் என் காதருகே வந்து, “ஐடி கார்டையாவது மாட்டிக்கோயேன்,” என்றாள்.

“எங்க சந்துல எனக்கு எதுக்கு கார்டு? ஒனக்குத்தான் வேணும்.”

டெல்லி தலைமை ஆபீசிலிருந்து வந்த பெரிய அதிகாரி குழாயைத் திறந்தார். நீலச் சட்டையில் அவள் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துச் சிரித்தேன். பெண்கள் குலவையிட்டார்கள். போட்டோக்காரர் சுற்றிச் சுற்றி எடுத்தார். அவள் முகம் வாடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் அந்தப் படம் ஆபீஸ் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஏறியது. நீலச் சட்டைக்காரி கம்பெனி. பட்டுச் சேலைக்காரி தண்ணீர் வாங்க வந்தவள். ‘தாராவிப் பெண்மணிக்குச் சுத்தமான தண்ணீர்’ என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவள் கதைதான் என் கதை. அந்த வாசகத்தை மாற்றச் சொல்லி மெயில் மேல் மெயில் போட்டவளும் மாட்டுங்காக்காரியே. ஒருவரும் மாற்றவில்லை.

மேனேஜர் பதவிக்கான இன்டர்வியூ அன்று நாங்கள் இருவரும் லிஃப்டுக்கு எதிரே காத்திருந்தோம். இன்டர்வியூ எடுக்க டெல்லி அதிகாரியே வந்தார். லிஃப்டை விட்டு இறங்கியவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்து கைகூப்பினார்.

“தண்ணி ஒழுங்கா வருதாம்மா?” என்று இந்தியில் கேட்டார். பிறகு அவளிடம், “இவங்களையும் கூட்டிட்டு வந்தது நல்ல யோசனை,” என்றார்.

நான் மனசுக்குள் வாக்கியத்தை அடுக்கத் தொடங்கினேன். அதற்குள் அவள் எழுந்து நின்று, நான் யார், என்ன வேலை பார்க்கிறேன், எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அழகான இங்கிலீஷில் அவருக்கு எடுத்துச் சொன்னாள். பதவி அவளுக்குப் போனதுகூட ஆறிவிட்டது. நான் யாரென்று அவள் வாயால் சொல்ல வேண்டி வந்ததுதான் இன்றுவரை ஆறவில்லை.