கோழிகளுக்காகப் பாடிய ரேடியோ

மோகனூர் அருகே ஒரு கோழிப் பண்ணையை நான் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன். திடீர்ச் சத்தத்துக்குக் கோழிகள் மிரளாமலிருக்க, அங்கே பகல் முழுக்க ரேடியோ பாடும். போன மாதம் நிலையம் அலைவரிசையை மாற்றியதும் வெறும் இரைச்சல்தான் வந்தது. கதவு கிறீச்சிட்டாலே கோழிகள் கூண்டில் முட்டிக்கொண்டன, முட்டையும் குறைந்தது. எரிச்சலோடு நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"சொல்லாம கொள்ளாம மாத்திட்டீங்களே, ஏனுங்க?"

"தினமும் சொல்லிட்டேதானுங்க இருந்தோம். நீங்க கேக்கலீங்களா?" என்றார் போனை எடுத்த பெண்.

"நான் எங்கீங்க கேக்கறேன்? கோழிங்கதான் கேக்குது. ஐயாயிரம் இருக்குதுங்க."

அவர் சிரிக்காமல் புது அலைவரிசை எண்ணைச் சொன்னார்.

மறுநாள் தீவனம் போடும்போது ரேடியோவில் அதே குரல்: "மோகனூர் பக்கம் கோழிப் பண்ணையில கேட்டுட்டிருக்கிற ஐயாயிரத்து ஒரு நேயர்களுக்கும் வணக்கமுங்க."

வாளியைக் கீழே வைத்தேன். அன்றுதான் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டேன்.