வரவேற்பு மேடையில் என் குரல்

மகளின் கல்யாண வரவேற்புக்கு ஒரு தொகுப்பாளினியை ஏற்பாடு செய்ய நானும் என் கணவரும் இன்று ஆவடிக்குப் போயிருந்தோம்.

"உங்க கல்யாணத்துல ஆங்க்கர் யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள் அந்தத் தொகுப்பாளினிப் பெண்.

"நான்தான்" என்றேன். அவள் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் எங்கள் வரவேற்பு. பாட்டுக் கச்சேரியின் அறிவிப்பாளருக்கு நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மாலையும் கழுத்துமாக எழுந்துபோய் மைக்கை வாங்கி அடுத்த பாட்டைச் சொன்னேன்.

என் குரல் கூம்பு ஒலிபெருக்கியில் ஏறி, பக்கத்து ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, அந்தி வெளிச்சத்தில் மிதந்து போனது. அது என் குரல்தானா என்று நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பினால், மாமியார் மேடையேறி வந்துகொண்டிருந்தார். சட்டென்று மைக்கைக் கீழே இறக்கினேன்.

"இன்னாம்மா நிறுத்திட்ட? நல்லா கீது, சொல்லு" என்றார்.

கடைசிப் பாட்டு வரை சொன்னேன்.

கதையைக் கேட்ட அந்தப் பெண், "அப்போ பொண்ணு கல்யாணத்துக்கும் நீங்களே பேசலாமே!" என்றாள்.

என் கணவர் பதறிப்போய் அவளிடம் கெஞ்சினார். "வேணாம்மா, நீயே வந்துடு. அன்னிக்கு முழுக்க மேடையில நான் மட்டும் தனியா உக்காந்துகினு இருந்தேன்!"

இத்தனை வருடம் கழித்து இன்றுதான் சொல்கிறார். இதற்கெல்லாம் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.