இடம் மாறிய மூன்று ஆட்டங்கள்

நான் இதுவரை ஒரு பேஸ்பால் ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் புயலுக்காக ஓர் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினால் என்ன செலவாகும் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில் உட்கார்ந்து, அமெரிக்க பேஸ்பால் குழு ஒன்றின் பில்களைப் பதிவு செய்வதுதான் அப்போது என் வேலை. காலை ஏழு மணி ஷிப்ட். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து, கீழே கடையில் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு மேலே போனால், அங்கே முந்தின நாள் மாலையாகியிருக்கும்.

அந்த ஆண்டு அந்தக் குழுவின் ஊரைப் புயல் அடித்துப் போட்டது. அங்கே நடக்க வேண்டிய மூன்று ஆட்டங்களை எதிர்க்குழுவின் ஊருக்கே கொண்டுபோய் நடத்தினார்கள். மறு வாரமே பில்கள் வந்து குவிந்தன. தனி விமானம், ஓட்டல் அறைகள், மட்டைகளையும் மூட்டைகளையும் ஏற்றிப்போன லோரி, மைதான வாடகை, திருப்பிக் கொடுத்த டிக்கெட் பணம், தின்ன ஆள் வராமல் குப்பையில் கொட்டிய ரொட்டி. அந்த ரொட்டிக்குக்கூட இன்சூரன்ஸ் இருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வெள்ளம் வந்தபோது நனைந்த மெத்தையை வெளியே இழுத்துப் போட நாலு பேர் தேவைப்பட்டார்கள். அது இவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டே அந்த மாத வாடகையைக் கேட்டார். எங்களுக்கு ரொட்டி இன்சூரன்ஸ் எதுவும் இல்லை.

ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும்: சொந்த ஆட்டமா, வெளி ஆட்டமா. விலாசத்தைப் பார்த்தேன். வேறு ஊர், எதிர்க்குழுவின் மைதானம். மூன்றுக்கும் வெளி ஆட்டம் என்று போட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மேலதிகாரியும் சரிபார்த்து அனுப்பிவிட்டார். எங்கள் மாடியில் ஒருவருக்கும் பேஸ்பால் தெரியாது.

அதற்கடுத்த வாரம் ஒரு பட்டியல் வந்தது. அந்தக் குழுவின் மைதானத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் இருநூற்றுச் சொச்சம் பேர். டிக்கெட் கிழிப்பவர்கள், தின்பண்டம் விற்பவர்கள், ஆட்களை இருக்கையில் உட்கார வைப்பவர்கள். ஆட்டம் இடம் மாறினாலும் சொந்த ஆட்டத்துக்கான அந்த மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிடுவதாகக் குழு வாக்குக் கொடுத்திருந்தது. பட்டியலை ஏற்றியதும் சிஸ்டம் சிவப்பாகக் காட்டியது: இந்தத் தேதிகளில் சொந்த ஆட்டம் எதுவும் இல்லை. சிஸ்டமே சொல்லிவிட்டது என்று நானும் பட்டியலை நிராகரித்து பைலை மூடினேன். மதியம் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனோம்.

இருநூறு பேரில் ஒருவர் மட்டும் எழுதினார். இருபத்திரண்டு ஆண்டாக ஆட்களை இருக்கையில் உட்கார வைக்கும் வேலையில் இருக்கும் ஓர் அம்மா. புயலில் வீட்டுக் கூரை போய்விட்டது, ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார், மாதக் கடைசிக்குள் வாடகை கட்டாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும், இந்தக் கூலியைத்தான் நம்பியிருக்கிறார். அவருக்கு வர வேண்டியது நானூறு டாலருக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது என்று எங்களிடம் இருந்த வழக்கமான பதிலை அனுப்பினேன்.

மறுநாளே இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. அதில் கோபம் இல்லை. "இடம்தான் மாறியது. அந்த மூன்று ஆட்டத்திலும் நாங்கள்தான் சொந்தக் குழு. கடைசியாக மட்டை பிடித்தது நாங்கள். ஸ்கோரைப் பாருங்கள்."

பார்த்தேன். பேஸ்பாலில் சொந்தக் குழுதான் கடைசியாக மட்டை பிடிக்குமாம். அடுத்தவன் மைதானத்தில் ஆடினாலும், ஆட்டம் யாருடையதோ அவர்கள்தான் சொந்தக் குழுவாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. நான் தப்பாக நிரப்பிய கட்டம்தான் அந்த இருநூறு பேரின் கூலியையும் நிறுத்தியிருந்தது.

என் பக்கத்து இருக்கையில் பந்திங்கிலிருந்து வரும் அக்கா ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். சொன்னேன்.

"இப்பவே உள்ள போயி சொல்லிடுங்க லா. கத்துவாங்க, அவ்ளோதான். பைல திறந்து விட்ருவாங்க."

"அடுத்த வாரம் அப்ரைசல் இருக்குக்கா. மூடுன பைல திறந்தா என் பேர்ல எர்ரர் விழும். ஒன்னாந்தேதி தாண்டுனா புது மாசக் கணக்குல நானே அட்ஜஸ்ட்மென்ட்னு போட்ருவேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"அந்தம்மா வாடகை?"

"பத்து நாள்தானேக்கா."

அக்கா தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இன்னொரு தரம் சொல்லியிருந்தால் போயிருப்பேனோ என்று சில நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். எனக்கு போனஸ் வேண்டியிருந்தது. கார் தவணை இருந்தது. ஒரு மாத வாடகைக்கு எப்படித் திண்டாட வேண்டும் என்பது தெரிந்த ஆள்தான் நான். தெரிந்துதான் செய்தேன்.

அப்ரைசல் நன்றாகவே நடந்தது. கவனமாக வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தார்கள். மாதம் பிறந்த அன்று காலை முதல் வேலையாகத் திருத்தத்தைப் போட்டேன். மூன்று ஆட்டமும் சொந்த ஆட்டமாயின, சிவப்பு போனது, இருநூறு பேருக்கும் பணம் கிளம்பியது. நான் சொன்னபடியே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பலருக்கு வங்கியில் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா செக் வாங்குகிறவர். அவர் செக் மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. குழுவின் தபால் பிரிவு உறையை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பியிருந்தது. விலாசத்தின் மேல் மஞ்சள் ஒட்டுத்தாள்: இவர் இங்கே இல்லை.

மின்னஞ்சல் போட்டு விலாசம் கேட்டேன். அன்றைக்கே பதில் வந்தது. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். வேறு மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். அங்கிருந்து மைதானம் பஸ்ஸில் ஒரு பகல் ஓர் இரவுத் தூரம் என்பதால் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். புது விலாசத்தைத் தெளிவாக, வரி வரியாக அடித்திருந்தார்.

அதற்குக் கீழே எனக்கென்று கொஞ்சம் எழுதியிருந்தார். பணம் வந்துவிட்டதாக உடன் வேலை செய்தவர்கள் போன் செய்து சொன்னார்களாம். முதலில் மூடிவிட்ட ஒன்றைத் திறக்க வைப்பது லேசான காரியமில்லை என்று அவருக்குத் தெரியுமாம். முகம் தெரியாத எங்களுக்காக உங்கள் அலுவலகத்தில் நீங்கள் எவ்வளவு போராடியிருப்பீர்கள், கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும் என்று எழுதியிருந்தார். என்றைக்காவது எங்கள் ஊருக்கு ஆட்டம் பார்க்க வந்தால் நல்ல இடமாகப் பார்த்து நானே உங்களை உட்கார வைத்திருப்பேன், இப்போது அந்த வேலையில் இல்லையே என்றும் எழுதியிருந்தார்.

நன்றி என்று ஒரு வரி பதில் போட்டேன். நான் காத்திருந்த அந்தப் பத்து நாளைப் பற்றி அவருக்கு எழுதவில்லை. இன்றுவரை எழுதவில்லை.