பாஸ்கர் அண்ணன் என்னிடம் கேட்டுவிட்டுப் போனது

பாஸ்கர் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம், எங்கள் தெருமுனை கரண்ட் கம்பத்தில்... ஷாக் அடித்து.

இது அம்மாவின் ஃபேஸ்புக் ஐடி. எழுதுவது அம்மா இல்லை, மகள் கயல்விழி, பதினொன்றாம் வகுப்பு. எல்லாரும் தூங்குகிறார்கள். பாத்ரூமில் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் நாலைந்து தெருக்களுக்கு நெட் கொடுத்தவர் அவர்தான். பெரிய கம்பெனியிடம் மொத்தமாக ஃபைபர் லைன் வாங்கி, வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார்.

அது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "கம்பெனிக்காரன் தண்ணி லாரி மாதிரி பாப்பா. மொத்தமா தொட்டில ஊத்திட்டுப் பூடுவான். நான்தான் கொடம் கொடமா உங்க வூட்டுக்குத் தூக்கினு வரேன்" என்றார்.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா விடவில்லை. "கொடத்துல ஓட்டை கீது போல நைனா, பாதிதான் வந்து சேருது!"

"உன் வூட்டுல ஏழு போனு கீது. ஏழு பேரும் ஒரே கொடத்துல வாய வெச்சா நான் இன்னாக்கா பண்றது?"

அன்று தெருவே சிரித்தது. மல்லிகா அக்காதான் அதிகம்.

பாஸ்கர் அண்ணனுக்குக் கோபம் வருவது துணி விஷயத்தில் மட்டும்தான். தெருவின் மெயின் கேபிள் எங்கள் மொட்டை மாடி வழியாகத்தான் போகிறது. கயிறு மாதிரி இழுத்துக் கட்டியிருக்கும். எங்கள் பக்கம் எல்லாரும் அதில் துணி காயப்போடுவோம்.

"உள்ள இருக்கறது முடி மாதிரி கண்ணாடிம்மா. ஈரத் துணி வெயிட்டு தாங்காது. இன்னொரு வாட்டி பார்த்தேன், உங்க வூட்டு லைனைக் கட் பண்ணிட்டுப் போய்கினே இருப்பேன்" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். அன்றைக்கு அப்பா என்னை அடித்தார். துணி போட்டது நான்.

நேற்று மழையால் பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டது. துணி காயப்போடும் கயிற்றில் இடமில்லை. நனைந்த ஜமுக்காளத்தை கேபிளில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மோடத்தில் சிவப்பு லைட், நெட் போய்விட்டது. ஓடிப்போய் ஜமுக்காளத்தை உருவி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

தெருவே அவருக்குப் போன் போட்டது. தூறலில் நனைந்துகொண்டு எங்கள் வாசலுக்குத்தான் முதலில் வந்தார்.

"பாப்பா, மேல எதுனா காயப் போட்டியா?"

"இல்லண்ணா."

"அப்போ கம்பத்துப் பெட்டிலதான் இன்னாவோ ஆயிருக்கு. பார்த்துட்டு வரேன்."

மாடி ஏறிப் பார்க்கவே இல்லை. என் பேச்சை நம்பினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்...

சாயங்காலம் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். "எங்க பொறுப்பு மெயின் ரோடு பெட்டி வரைக்கும்தான் சார். அதுக்கப்புறம் அவரோட லைன். அவர் எங்க ஆள் இல்ல" என்று போலீஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கூட்டத்தில் யாரோ "சரக்கு போட்டுட்டு ஏறியிருப்பான்" என்றார்கள். அதற்குள் தெரு முழுக்க அதுதான் பேச்சு.

அவர் மனைவி சுதா அக்கா நடுரோட்டில் உட்கார்ந்து கத்தினார். "அந்தாளு குடிக்கவே மாட்டாருய்யா... மழைல கம்பத்துல ஏறக்கூடாதுன்னு எனக்கே சொல்லிக்குடுத்த ஆளு. எதுக்கு ஏறுனாரு? யாருனா சொல்லுங்களேன்!"

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "வாயத் தொறந்தே, அவ்ளோதான். கேஸ் ஆயிடும். குடும்பத்தோட உள்ள போவணும்" என்றார். அடிக்கவில்லை.

சுதா அக்கா... அண்ணன் குடிக்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்று என்னிடம் பேசினார். கம்பத்தில் ஒரு கோளாறும் இல்லை. கேபிள் எங்கள் மாடியில்தான் உடைந்தது. உடைத்தது நான். அவரை அங்கே அனுப்பியதும் நான்தான்.

காலையில் அப்பா இதை அழித்துவிடுவார். அதற்குள் பார்க்கிறவர்கள் யாராவது அக்காவிடம் காட்டிவிடுங்கள். எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜி.ஹெச்சிலிருந்து நாளைக்குத்தான் உடம்பைக் கொடுப்பார்களாம்.

போய் வாருங்கள் அண்ணா. உங்களை எடுக்கும்போது என்னைக் கீழே வர விடமாட்டார்கள்.