பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு கார் கம்பெனி

ஜெபகுமாருக்குக் கார் செய்யத் தெரியும். பிள்ளை பார்க்கத் தெரியாது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கதவு மாட்டுகிறவன். நிமிஷத்துக்கு ஒரு கார் அவனைக் கடந்து போகும், ஒன்றுகூடக் கதவில்லாமல் போனதில்லை. ஆனால் பெற்ற பிள்ளைகளை முழுசாக ஒரு பகல் பார்த்துக்கொண்டது கிடையாது. இரவு ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம். பகல் ஷிப்ட் என்றால் ஓ.டி. மூன்று வயது ஜோவைப் பொறுத்தவரை அப்பா என்பது போர்வைக்குள் குறட்டை விடுகிற ஒரு மூட்டை.

அந்தப் புயல் நாளில் காலை ஏழேகாலுக்கு, இரவு ஷிப்ட் முடித்து, பென்னலூர் வாடகை வீட்டுக்குத் தொப்பலாக நனைந்து வந்தான். மனைவி சில்வியா கையில் டிபன் டப்பாவும் கண்ணில் தண்ணீருமாக நின்றாள். பள்ளிக்கூடத்துக்கும் பால்வாடிக்கும் மழை லீவு என்று அப்போதுதான் செய்தி வந்திருந்தது. கம்பெனிக்கு ஏது மழை லீவு? கார்களுக்கு வயரிங் செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மூத்தவள் ஷாலின் பிறந்ததிலிருந்து ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. அன்றுதான் முதல் நாள்.

"மொத நாளே வரலைன்னா பேரை அடிச்சிடுவாங்கங்க. வெயிட்டிங்ல நாப்பது பேர் கீறாங்க. ஆனா ஜோ என்னை வுட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லையே."

"நான் பாத்துக்கறேன். நீ பஸ்ஸைப் புடி."

"உங்களுக்குத் தூக்கம்?"

"அதையும் நான் பாத்துக்கறேன். போ சில்வி!"

"ரொம்ப அழுதான்னா இந்த ஆபீஸ் நம்பருக்குப் பண்ணுங்க. எங்க போனையெல்லாம் கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. நான் ஓடியாந்துடறேன்." காலண்டரில் நம்பரை எழுதிவிட்டு மழையில் இறங்கி ஓடினாள். பாதியில் ஓடி வந்தால் வேலை போச்சு என்பது இருவருக்கும் தெரியும்.

ஆழம் தெரியாமல் காலை விட்ட ஜெபகுமார் யானையானான், பூனையாகக் கத்தினான், ஒளிந்துகொள்ள வேறு இடமில்லாததால் ஒரே பீரோவுக்குப் பின்னால் எட்டு முறை ஒளிந்தான். ஒன்பது மணிக்குள் சரக்கு தீர்ந்தது. கரண்ட் இல்லை. செல்போனில் ஏழு சதவீதம் சார்ஜ். அதை ஆபத்துக்கென்று அலமாரியில் வைத்தான். தெருவில் முழங்கால் தண்ணீர். ஜோவின் கீழுதடு பிதுங்கியது.

"அம்மா..."

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும் என்பார்கள். ஜெபகுமாருக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"ஷிப்ட் ஸ்டார்ட்!" என்று ஒரு சத்தம் போட்டான். ஜோ அழ மறந்து திரும்பிப் பார்த்தான்.

பாயை விரித்தான், அதுதான் கார்கள் நகர்ந்து போகிற லைன். துணி ஊறவைக்கிற டப்பை அதன்மேல் வைத்து ஜோவை உள்ளே உட்கார்த்தினான். சாப்பாட்டுத் தட்டு இரண்டு, கதவு. டம்ளர், ஹெட்லைட். இட்லித் தட்டு, ஸ்டியரிங். எல்லாவற்றையும் நாடாவாலும் துணி கிளிப்பாலும் ஷாலின் மாட்ட, அவன் பாயை இழுப்பான். கடைசியாக ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு துப்பட்டாவைத் தொங்கவிட்டு, அதில் கிறிஸ்துமஸ் மணியைக் கட்டினான்.

"எதுனா தப்பா கீதுன்னா இதை இழுக்கணும். லைன் நின்னுடும். தப்பை மறைக்கவே கூடாது, உடனே மேல சொல்லிடணும். அதான் கம்பெனி ரூல்!"

கம்பெனியில் இதேபோல் தொங்கும் கயிற்றைப் பதினோரு வருஷத்தில் ஜெபகுமார் இழுத்தது இரண்டே முறை. ஜோ ஒரு மணி நேரத்தில் இருபது முறை இழுத்தான்.

"இன்னா ஃபால்ட்டு சார்?"

"லைட்டு கோணை!"

முடிந்த காரை அடுப்பு மேடை வரைக்கும் சர்ரென்று இழுத்துக்கொண்டு ஓடினான். ஜோ வீறிட்டுச் சிரித்தான். எல்லாவற்றையும் கழற்றி அடுத்த கார்! மதியத்துக்குள் பதினாலு. கதவு மாட்டி அனுப்பிய கார்களில் யார் உட்கார்ந்து சிரித்தார்கள் என்று அவன் கண்டதில்லை; இன்றைக்குத்தான் கண்டான். தலைகால் புரியாத சந்தோஷம் அவனுக்கு.

தயிர் சாதம் ஊட்டிவிட்டு, "டீ பிரேக், பத்து நிமிஷம்," என்று சுவரில் சாய்ந்தான். ராத்திரித் தூக்கம் மொத்தமும் வந்து அமுக்கியது.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஷாலினின் குரல் கேட்டு விழித்தான்.

"ஆமா சார். சில்வியாவோட பொண்ணு. அப்பா லைன்ல தூங்கிட்டாரு. வண்டி பாதில நிக்குது."

அவள் காதில் செல்போன்! காலண்டரைப் பார்த்தபடி, மேலிடத்துக்கு ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். பாய்ந்து பிடுங்குவதற்குள் அந்தப் பக்கம் யாரோ சில்வியாவைக் கூட்டிவந்திருந்தார்கள். மூச்சிரைக்க அவள் குரல்: "ஏங்க, இன்னா ஆச்சு? ஜோ அழறானா? நான் கெளம்பட்டுமா?"

அவன் வாயைத் திறக்குமுன், டப்பிலிருந்து எழுந்து போனை இழுத்துக் கத்தினான் ஜோ: "அம்மா, வராத! வண்டி முடியல!"

போன் அணைந்துவிட்டது.

அவள் காதில் எது விழுந்ததோ! 'அம்மா' என்ற அலறல் மட்டும் விழுந்திருந்தால்? வேலையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிடுவாளே! முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஜெபகுமார் அடுத்த வண்டியை லைனில் ஏற்றினான். அப்புறம் அவனுக்குத் தூக்கம் என்ற பேச்சே இல்லை. தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினான். இரண்டு மணி, ஆட்டோ கடந்து போனது. மூன்றரை, இன்னொன்று, அதுவும் போய்விட்டது. லைன் மட்டும் நிற்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்! ஆட்டோ இல்லை, கம்பெனி பஸ்! "வந்துட்டா டோய்!" என்று இட்லித் தட்டோடு வாசலுக்கு ஓடினான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சளக் சளக்கென்று வந்தாள் சில்வியா.

"வராதன்னுட்டான் உங்க புள்ளை," என்றாள். சிரித்தாள், கண்ணும் கலங்கியது. "மூணு வருசமா இடுப்பை வுட்டு எறங்காதவன். 'வராத'ன்றான். டிரெய்னிங் ரூமுக்குத் திரும்பிப் போறதுக்குள்ள எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு."

ஜோவைத் தூக்கக் கையை நீட்டினாள். அவன் டப்பைவிட்டு அசையவில்லை.

"பேரை அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டான் ஜெபகுமார்.

"நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க."