என் பெயரில் அவள் சுட்டது

விதி நான்கு, உட்பிரிவு இரண்டு: ஒரு கணக்கைத் தொடங்கியவர் மட்டுமே அதில் ஆட வேண்டும்; வேறொருவர் ஆடுவதாகப் புகார் வந்தால், முடக்குவதற்கு முன் கணக்குதாரரிடம் விளக்கம் கேட்கப்படும். கைபேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவர்களில் இந்த விதிகளைக் கடைசி வரி வரை படித்தவன் ஆவடி வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த ஆட்டத்தை நான் ஆடியதே இல்லை. ஆடியது என் மனைவி.

எங்கள் வீட்டில் எல்லாம் என் பெயரில் இருக்கும். தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த காலத்தில் கேஸ் இணைப்பு, மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் பணியாளர் பெயரில்தான் வாங்க முடியும். ஓய்வுபெற்றுத் திருநின்றவூருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவளுக்கு வாங்கிய கைபேசியின் சிம்மும் என் பெயரில்தான். அந்த எண்ணில் விளையாட்டுக் கணக்கைத் தொடங்கியபோது பெயர், வயது, பாலினம் மூன்றும் என்னுடையவையாகவே பதிவாயின. அவள் மாற்றவில்லை. ஆணாக இருந்தால் யாரும் தொந்தரவு செய்வதில்லை என்று பிறகு ஒருமுறை சொன்னாள்.

நால்வர் கொண்ட அணி அது. மற்ற மூவரும் பூந்தமல்லி, குமணன்சாவடிப் பக்கத்து ஆட்கள். அவர்களோடு அவள் பேசியதில்லை, தட்டச்சு மட்டும்தான். வாட்ஸ்அப் படமாக என் ஸ்கூட்டரை வைத்திருந்தாள். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவது அவள் வேலை. மத்தியானம் சமையலை முடித்துவிட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறிச் சுடுவாள். தையில் வட்டார அணிகளுக்குள் ஒரு போட்டி இருந்தது. அதற்காக மார்கழி முழுக்க வேகமாகக் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஒருநாள் மைக் திறந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. "என்னங்க, காது கேக்கலியா? அடுப்ப அணைங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே எதிரணியின் கடைசி ஆளையும் சுட்டுவிட்டாள். தோற்ற அணி புகார் கொடுத்தது: ஆணின் கணக்கில் யாரோ பொம்பளை ஆடுகிறாள். மறுநாள் காலை கணக்கு முடங்கிவிட்டது. விளக்கம் எதுவும் கேட்கப்படவில்லை.

விதியைச் சுட்டிக்காட்டி நான் முறையீடு எழுதினேன். பொருள், பார்வை, உண்மை நிலவரம், வேண்டுகோள், இணைப்புகள் எல்லாம் இருந்தன. இருவரின் ஆதார் நகலிலும் கையொப்பமிட்டு அனுப்பினேன். உண்மை நிலவரத்தின் இரண்டாம் பத்தியில், மேற்படி கணக்கில் ஆரம்பம் முதல் ஆடிவருவது என் மனைவியே என்று தெளிவுபடுத்தியிருந்தேன்.

அனுப்பிய பிறகுதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இத எழுதச் சொன்னது யாரு?"

"உண்மை நிலவரம்னு ஒரு தலைப்பு இருந்தா உண்மையத்தான் எழுதணும்."

"அவனுங்களுக்கு அது சந்தேகமாத்தான இருந்திச்சு. நீங்க கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டீங்க."

அவள் கோபப்படவில்லை. அவரைக்காயை எடுத்துவைத்துக்கொண்டு நார் உரிக்க ஆரம்பித்தாள்.

அப்போது கைபேசி அடித்தது. குமணன்சாவடிக்காரன். அவள் எடுக்க மாட்டாள் என்று தெரிந்ததால் நான் எடுத்தேன்.

"அண்ணாத்தே! இன்னா நீ, ஆளையே காணோம்? ஐடிய பூட்டிட்டானுங்களாமே?"

"ஆமாம்."

"குரலே இப்பதான் கேக்குறோம். வாத்தியார் மாதிரி கீது நைனா! அன்னிக்கு அந்தத் தண்ணி டேங்க் மேல ஏறிகினு ஒருத்தன விடாம அட்ச்சியே, எங்க ஏரியா ஃபுல்லா அதே பேச்சு. அண்ணி குக்கர அணைக்கச் சொல்லி கத்துனதுக்குப் போயி பொம்பள ஆடுதுன்னு கம்ப்ளைண்ட் குட்துகீறானுங்க. பொம்பள எங்கனா அப்டி அடிக்குமா, சொல்லு?"

கைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தாமலே, சொல்லுங்க என்பது போல் கையை அசைத்தாள்.

"அடிக்காது," என்றேன்.

"அதான! நீ வர்ற வரிக்கும் எடத்த புட்ச்சி வெக்கிறோம். பொங்கலுக்குள்ள வந்துரு. அண்ணிய கேட்டதா சொல்லு."

"சொல்றேன்."

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பொங்கலுக்குள் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பரிசீலனையில் உள்ளது என்று இயந்திரம் பதில் சொன்னது. அணி இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டு போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றது. அந்தச் செய்தி என் ஸ்கூட்டர் படத்துக்கு வந்து சேர்ந்தது.

முறைப்படி செய்துவிடலாம் என்று அவள் பெயரில் ஒரு சிம் வாங்கிக்கொடுத்தேன். அவள் பெயர், அவள் வயது, பெண். ஆள் குறைந்த அணிகளில் அந்நியர்களோடு ஆட ஆரம்பித்தாள். 'ஹாய் மேடம்' என்று வந்தது. 'சாப்டாச்சா' என்று வந்தது. அவள் வயதைப் பார்த்தவர்கள், 'ஆன்ட்டி, போய் சீரியல் பாருங்க' என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவனை அவள் எங்கோ ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து சுட்டாள். அவன் புகார் கொடுத்தான்: இந்தப் பெண்ணின் கணக்கில் யாரோ ஆம்பளை ஆடுகிறான்.

அதற்கும் முறையீடு எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கணக்கை அவளே அழித்துவிட்டாள்.

அதன் பிறகு மிட்டாய்களை வரிசையில் சேர்த்தால் அவை வெடிக்கும் ஆட்டம் ஒன்றை ஆடினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஆடுவது அதுதான். ஒலியை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, விரலை மட்டும் நகர்த்துவாள். எதிரே யாரும் இல்லை, அதனால் புகாரும் இல்லை. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்குவது நின்றுபோனது.

பிறகு என் முறையீட்டுக்குப் பதில் வந்தது. கணக்கின் பதிவு விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. கணக்கு அதன் உரிமையாளரான தங்களிடமே திரும்ப ஒப்படைக்கப்படுகிறது. இனி தாங்கள் மட்டுமே ஆட வேண்டும். இரண்டாம் பத்தியை அவர்கள் படிக்கவில்லை, அல்லது படித்து நம்பவில்லை. திறந்து பார்த்தேன். பதக்கங்கள், துப்பாக்கிகள் எல்லாம் இருந்தன. அணியில் அவள் இடத்தில் வேறு பெயர் இருந்தது.

அவளிடம் நீட்டினேன். முதல் வரியைப் படித்தாள்.

"உங்களுக்குத்தான் வந்திருக்கு. நீங்களே வெச்சுக்கோங்க."

விதிப்படி அது சரி. பொங்கலுக்குள் வந்திருக்க வேண்டிய பதில் வந்த நாள் வைகாசி விசாகம்.