பயோடேட்டாவில் வராத ஏழு வருடம்

என் கடை மேசை இழுப்பறையில் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் கிடக்கிறது. அதன் பொத்தான் போய்விட்டது. உள்ளே என் அண்ணன் மனைவி, மைனியின் பயோடேட்டா, நான்கு பிரதிகள். கனமான தாளில் நானே டைப் செய்து எடுத்தவை. கேரள எல்லையோரப் பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் டைப்பிங்கும் ஜெராக்ஸும் வைத்துப் பிழைப்பவன் நான். இந்த வட்டாரத்தில் வேலைக்கு அலைகிற பாதிப் பேருக்கு நான்தான் பயோடேட்டா எழுதித் தந்திருக்கிறேன். அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் மாரடைப்பில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை இருப்பதாக மைனி கேள்விப்பட்டாள். பிஎஸ்ஸி, பிஎட் படித்தவள். கிடைத்தால் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பிள்ளைகளை அம்பூரியில் தன் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு எங்காவது போய்ப் பிழைக்க வேண்டியதுதான்.

படிப்பு, மதிப்பெண் எல்லாம் அடித்து முடித்தேன். ‘அனுபவம்’ என்ற இடம் வந்ததும் கை நின்றது. கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் டியூஷன் சென்டர். அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னவன் நான். பக்கவாதத்தில் கிடந்த என் அம்மைக்கு, அவள் கண்மூடும்வரை, அந்த ஏழு வருடமும் பீ மூத்திரம் எடுத்தவள் மைனி. நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்தவள். பெற்ற மகன் நான், வாசலில் நின்று “அம்மை சாப்பிட்டாளா?” என்று கேட்டுவிட்டுக் கடைக்கு வந்தவன்.

“அம்மைய பாத்தேன்னு எழுதினா போராதாலே?” என்று கேட்டாள் மைனி.

நான் சிரித்தேன். “அதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ்ல வராது மைனி.”

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பயோடேட்டாவில் ஓட்டை விழுந்தால், எல்லைக்கு அந்தப் பக்கத்து வேலை ஒன்றைப் போட்டு அடைப்போம். இங்கே வேலை தேடுகிறவனுக்குத் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் அனுபவம். அங்கே தேடுகிறவனுக்கு நெய்யாற்றின்கரையில். மீன் வாங்கவும் கல்யாணத்துக்கும் தினம் எல்லை தாண்டுகிற நாங்கள், காகிதம் என்று வந்தால் மட்டும் நடுவில் பெரிய மதில் நிற்பதாக நம்புவோம். மைனிக்கும் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றைப் போட்டேன்.

“நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் படி சவுட்டினதில்லியே!”

“செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் வேற ஸ்டேட்டாக்கும். எவன் விசாரிக்க வாறான்?”

மூன்று நாள் கடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினேன். ஹெட்மாஸ்டர் பெயர் என்ன, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்த பஸ்ஸில் போவீர்கள். கணக்கை எப்படித் திருப்பிக் கேட்டாலும் டக்கென்று சொல்கிறவள், ஹெட்மாஸ்டர் பெயர் வந்தால் மட்டும் தலை குனிந்து ஃபைலின் பொத்தானைத் திறந்து திறந்து மூடுவாள். அப்படித்தான் அது பிய்ந்தது.

இன்டர்வியூவுக்குப் பத்து மணிக்குப் போனவள் ஒரு மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டாள். போர்டில் பாடம் நடத்தச் சொன்னார்களாம். நன்றாகவே நடத்தியிருக்கிறாள். பிறகுதான் தலைமையாசிரியை பயோடேட்டாவை எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு வீடு களியக்காவிளை தாண்டி. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நான் எழுதிய பள்ளியில் அவர் தங்கை பத்து வருடமாக டீச்சர். ஒரே ஒரு போன், அவ்வளவுதான்.

“எதுக்குக் கள்ளம் எழுதினீங்கண்ணு கேட்டாவ. நீ எழுதினேண்ணு நான் சொல்லல்ல,” என்றாள் மைனி. ஃபைலை மேசையில் வைத்துவிட்டு, “அம்மைய பாத்தேன்னு சொல்லியிருக்கலாம் மக்கா. அது உள்ளதாக்குமே,” என்றாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விஷயம் பரவியது. அதன்பிறகு எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில், வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்க்க ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போனாள். அங்கே பயோடேட்டா கேட்கவில்லை. கிடப்பு நோயாளியைப் பார்த்த பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். “ஏழு வருஷம்” என்றாள். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அம்பூரிக்குப் போனார்கள். மாதம் ஒரு ஞாயிறுதான் லீவு. சின்ன மகள் இப்போது அவளைக் கண்டால் உடனே கிட்டப் போவதில்லை.

போன வாரம் கம்ப்யூட்டரில் அந்தப் பயோடேட்டாவைத் திறந்தேன். பள்ளியின் பெயரை அழித்துவிட்டு, ‘ஏழு வருடம், படுக்கையில் கிடந்த மாமியாரைப் பராமரித்தேன்’ என்று அடித்தேன். ஒரே வரிதான், அந்த இடத்தில் சரியாகவே அடங்கியது. பிரதி எடுத்து நீல ஃபைலில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மைனி கடைக்கு வந்தபோது நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

“அஞ்சரைக்கு வண்டி உண்டு மக்கா. அங்க அந்த அம்மச்சிய புரட்டிப் போட வேற ஆளில்ல,” என்று சொல்லி ஃபைலை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.